பழைய டி அண்ட் டி பெட்டிகள் இரண்டு: உள்ளே இருப்பவை அந்தந்தப் பெட்டிக்கு உரியவைதானா?

நிலவறைவாசி (கேள்வி)

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி: ஒருவர் நடத்த, மற்றவர்கள் கதைப் பாத்திரங்களாக ஆடும் பகடை ஆட்டம்) பழைய பெட்டிகள் இரண்டு விலைக்கு வந்திருக்கின்றன. விற்பவர் இரண்டையுமே ‘முதல் பதிப்பு, முழுமையானது’ என்கிறார். திறந்து பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் பெட்டி: மூடியில் புதையல் குவியல்மேல் டிராகன், எதிரே ஒரு மந்திரவாதியும் வில்லாளியும். உள்ளே மெல்லிய நீல அட்டை விதிநூல், பல வண்ண அட்டை போட்ட பி1 சாகசம் (ஆடுவதற்கான ஆயத்தக் கதைநூல்). பகடை கிடையாது. அதற்குப் பதில் எண் அச்சிட்ட அட்டைத் தாள், பாதி வெட்டியது, பாதி வெட்டாதது.

இரண்டாவது பெட்டி: கத்தரிப்பூச் சாயலில் ஒரு சிவப்பு. 64 பக்க விதிநூல், ஓரத்தில் மூன்று துளை. பி2 சாகசம். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், வெள்ளை என்று ஐந்து பகடைகள். வெள்ளை இருபதுமுகத்தில் 1 முதல் 20 வரை இல்லை. 0 முதல் 9 வரை இரண்டு முறை வருகிறது. அச்சுப் பிழையா?

தெரியவேண்டியவை நான்கு. ஒன்று, இவை ஒரே பெட்டிக்கு உரிய பாகங்களா. இரண்டு, அந்தப் பகடையை உருட்டி ஆட முடியுமா. மூன்று, கடலோர ஊரின் ஈரக்காற்றில் இதை எப்படிக் காப்பாற்றுவது. நான்கு, அலமாரியில் வைக்காமல் இதைக்கொண்டே ஆடலாமா.

---

பழைய அச்சு (பதில் 1)

முதலில் ‘முதல் பதிப்பு’ என்ற சொல்லை ஒதுக்கிவையுங்கள். சேகரிப்பவர்களிடையே அந்தப் பேர் 1977 முதல் 1979 வரை வந்த கெட்டி அட்டை நூல்களுக்கு, அதாவது அட்வான்ஸ்டு டி அண்ட் டி வரிசைக்கு உரியது. உங்களிடம் இருப்பது பேசிக் வரிசை, புதிதாக ஆட வருபவர்களுக்கானது. உண்மையான முதல் வெளியீடு 1974இல் மூன்று சிறு நூல்களாக, மரவரி போட்ட பெட்டியில் வந்தது. முதல் அச்சு ஆயிரம் பிரதிதான். அது வேறு உலகம், வேறு விலை.

உங்கள் முதல் பெட்டி 1977இல் ஜே. எரிக் ஹோம்ஸ் தொகுத்த பேசிக் செட். இதில் கவனம் வேண்டும். பெட்டி மூடி பல ஆண்டு ஏறக்குறைய அப்படியே இருந்தது, உள்ளே போட்ட சரக்குதான் மாறிக்கொண்டே வந்தது. தொடக்க அச்சுகளில் சாகசமே கிடையாது. நிலவறை வரைபடத் தாள்களும், பூதங்களும் புதையல்களும் அடங்கிய பட்டியல் தாள்களும் இருந்தன. 1978இன் பிற்பகுதியில் அவற்றை எடுத்துவிட்டு மைக் கார் எழுதிய பி1 சாகசத்தைப் போட்டார்கள். பிறகு அதையும் எடுத்துவிட்டு, இந்த ஆட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸின் பி2. 1979 வாக்கில் பகடை தட்டுப்பாடு வந்ததும் பகடைக்குப் பதில் நீங்கள் சொல்லும் எண் அட்டைகள் வந்தன. ஆக நீலநூல், எண் அட்டை, பி1 என்ற சேர்க்கை தன்னளவில் சரியானதுதான். பகடை இல்லையே என்று விலையைக் குறைக்கச் சொன்னால் விவரம் தெரிந்த விற்பனையாளர் சிரிப்பார்.

இடிக்கிற இடம் உங்கள் பி1. அந்தக் காலத்துப் பெட்டிக்குள் வந்த பி1 ஒற்றை நிற அட்டை போட்டது. பல வண்ண அட்டை பிற்பாடு, 1981ஐ ஒட்டி வந்த அச்சுகளுக்கு உரியது. ஆகவே எங்கோ தொலைந்த பழைய பி1க்குப் பதில் தனியாக வாங்கிய புதிய பி1ஐ யாரோ உள்ளே வைத்திருக்கிறார்கள். ஏமாற்று என்று சொல்லமாட்டேன். நாற்பது வருஷத்தில் நடக்கிறதுதான். ஆனால் ‘முழுமையானது’ என்ற விலைக்கு அது தகாது.

விதிநூலின் உள்ளே தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள். பின்வந்த அச்சுகளில் பதிப்பு எண்ணும் மாதமும் அச்சாகியிருக்கும். எண் அட்டை வந்த காலத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 1977 நூலோடு எண் அட்டை இருந்தால் அதுவும் ஒப்பேற்றியதுதான்.

இரண்டாவது பெட்டி 1981, டாம் மோல்ட்வே தொகுத்தது, அட்டை ஓவியம் எரோல் ஓட்டஸ். 64 பக்கம், மூன்று துளை, பி2 எல்லாம் பொருந்துகின்றன. பொருந்தாதது பகடை. மஞ்சள் நான்குமுகம், ஆரஞ்சு ஆறுமுகம், பச்சை எட்டுமுகம், நீலப் பன்னிருமுகம், வெள்ளை இருபதுமுகம் என்ற அந்த ஐந்து வண்ணக் கூட்டு நீலநூல் காலத்து அடையாளம். முதல் பெட்டியிலிருந்து தாவியிருக்கலாம் என்றால் அதில்தான் எண் அட்டை இருக்கிறதே! உங்கள் இரண்டு பெட்டிக்கும் மூன்றாவதாக ஒரு பெட்டி மொய் எழுதியிருக்கிறது.

இந்த மோல்ட்வே பெட்டியையும், 1983இல் ஃபிராங்க் மென்ட்சர் தொகுத்து லாரி எல்மோர் அட்டை ஓவியத்தோடு வந்த பளிச்சென்ற சிவப்புப் பெட்டியையும் பலர் குழப்பிக்கொள்வார்கள். 1983 பெட்டியில் ஆட்டக்காரருக்கு ஒன்று, நடத்துபவருக்கு ஒன்று என இரண்டு நூல்கள். ஒரே நூல் என்றால் 1981.

போலியா என்று பார்க்க: பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். நீலநூலின் அட்டை ஒரே நீல மையில் அச்சானது. லென்ஸில் நீலம் மட்டுமே தெரியவேண்டும். நீலத்துக்குள் சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் அது ஸ்கேன் எடுத்து மறுபடி அச்சிட்டது. அடுத்து, சாகசங்களின் அட்டையைக் கழற்றினால் உட்புறம் வரைபடம் இருக்கும், வெளிர் நீலத்தில். கறுப்பிலோ சாம்பலிலோ இருந்தால் ஜெராக்ஸ். இதை நீங்கள் ஸ்கேன் செய்தாலும் வண்ணத்தில்தான் செய்யவேண்டும். கறுப்பு வெள்ளை என்று வைத்தால் கோடுகள் பாதி காணாமல் போகும்.

மூடி சுருக்கு பிளாஸ்டிக்கால் மூடியிருந்தால் ‘பிரிக்காதது’ என்று நம்பிவிடாதீர்கள். அந்த பிளாஸ்டிக்கும் சூடுகாற்றுக் கருவியும் யாரும் வாங்கலாம்.

---

பகடைக் கணக்கு (பதில் 2)

0–9 இரண்டு தடவை வருவது பிழை இல்லை. அந்தக் காலத்து இருபதுமுகம் அப்படித்தான். பத்துமுகப் பகடை பரவலாக வராத நேரம், அதனால் ஒரே பகடை பத்துக்கும் இருபதுக்கும் வேலை செய்தது. நூற்றுக்கு உருட்டணும்னா இரண்டு தடவை உருட்டு, முதல் எண் பத்துகள், அடுத்தது ஒன்றுகள்.

இருபதா மாற்ற இரண்டு வழி. சுலபமானது, கூடவே ஆறுமுகம் ஒன்றை உருட்டறது: அதில் 1–3 வந்தால் வெள்ளைப் பகடையின் எண் அப்படியே (0 என்றால் 10), 4–6 வந்தால் அதோடு 10 கூட்டு (0 என்றால் 20). இன்னொரு வழி வண்ணம். ஒவ்வொரு எண்ணும் இரண்டு முகத்தில் இருக்கு இல்லையா, அதில் ஒன்றுக்கு மட்டும் சிவப்பு கிரேயான், மற்றதுக்குக் கறுப்பு. சிவப்பு 11–20, கறுப்பு 1–10. இரண்டு 7க்கும் சிவப்பு அடிச்சுட்டு ஆட்ட நடுவில் முழிக்கறது வழக்கமான கோளாறு. அதனால் முதலில் பத்து எண்ணையும் தாளில் எழுதி, அடிக்க அடிக்க டிக் பண்ணுங்க.

கிரேயான் அடிக்கும் முறை: சோப்புத் தண்ணீரில் பழைய டூத்பிரஷ் வச்சுத் தேய்ச்சு ஒரு நாள் காயவிடுங்க. கிரேயானை எண் குழிமேல் குறுக்கும் நெடுக்குமா அழுத்தி நிரப்புங்க. பருத்தித் துணியை விரலில் இறுக்கமா சுத்தி மேல்பரப்பை மட்டும் துடைங்க. துணி தளர்வா இருந்தால் குழிக்குள் புகுந்து மெழுகையும் எடுத்துட்டு வந்துடும். டிஷ்யூ வேண்டாம், நார் ஒட்டிக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீங்க, அசிட்டோன் பல பிளாஸ்டிக்கைக் கரைக்கும். வெயில் படற ஜன்னலோரம் வைக்காதீங்க, மெழுகு இளகி வழியும்.

உருட்டி ஆடலாமா? அந்தப் பிளாஸ்டிக் ரொம்ப மெது. முனை மழுங்கி உருண்டையாகும். முழுசும் ஒரே மாதிரி தேய்ஞ்சிருந்தால் கவலை இல்லை, நிற்க நேரம் எடுக்கும், அவ்வளவுதான். ஒரு பக்கம் மட்டும் தேய்ஞ்சிருந்தால்தான் ஓரவஞ்சனை. உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கச் சொல்வாங்க. உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் அது காட்டும், முனை தேய்மானத்துக்கு அது பதில் சொல்லாது.

எண்ணிப் பார்ப்பதே நம்பகமானது. 200 தடவை உருட்டி எந்த எண் எத்தனைன்னு குறிங்க. பத்து எண், ஒவ்வொன்றும் சராசரி 20 வரணும். ஒவ்வொரு எண்ணுக்கும் வித்தியாசத்தை அதாலேயே பெருக்கி 20ஆல் வகுத்து எல்லாத்தையும் கூட்டுங்க. உதாரணமா 14, 26, 20, 19, 23, 17, 22, 18, 25, 16 வந்தால் வித்தியாச வர்க்கங்களின் கூட்டு 140, வகுத்தால் 7. கூட்டு 16.92ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம். நேர்மையான பகடையே நூற்றில் ஐந்து தடவை தாண்டும் என்பதால் ஒரு தடவை தாண்டினதுக்கே தூக்கிப் போடாதீங்க, இன்னொரு 200 உருட்டுங்க. வண்ணம் அடிச்ச பிறகு இருபது முகத்தையும் தனித்தனியா பார்க்கணும்னா 400 உருட்டல், எல்லை 30.14. பத்து எண்ணா பார்க்கும்போது ஒரு முகத்தின் கூடுதலை அதே எண்ணின் இன்னொரு முகம் மறைச்சிடலாம், அதனால் பொறுமை இருந்தால் இதுதான் நல்ல சோதனை.

அந்த அட்டைத் தாள்: மிச்சப் பாதியை வெட்டாதீங்க. ஆடணும்னா நகல் எடுத்து 300 ஜிஎஸ்எம் அட்டையில் 2 செ.மீ. சதுரமா வெட்டிக்கலாம். எண் வரிசைக்கு ஒரு டம்ளர், எடுத்ததைத் திருப்பிப் போட்டுக் குலுக்கிட்டுத்தான் அடுத்தது. திருப்பிப் போட மறந்தால் 20 வெளியே போன டம்ளரில் ஆட்டம் முடியறவரை யாருக்கும் 20 வராது. டம்ளரைக் கண்மட்டத்துக்கு மேல் பிடிங்க. கோணலா வெட்டின துண்டை விரல் அடையாளம் கண்டுபிடிச்சுடும்.

---

நிலவறைவாசி

இரண்டு பேருக்கும் நன்றி. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், அட்டை ஒரே நீலம்தான். தலைப்புப் பக்கத்தில் 1979 டிசம்பர். நூலின் நடுவில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளில் பழுப்பு இறங்கியிருக்கிறது. பெட்டி மூலையில் செல்லோ டேப் ஒட்டி மஞ்சளாகிக் கிடக்கிறது. பிய்த்துவிடலாமா?

---

ராமபாணம் (பதில் 3)

பிய்க்காதீர்கள். காய்ந்து உதிரும் நிலையில் இருந்தால் தானாக வரும். பசை இளகிய நிலையில் இருந்தால் அட்டையின் அச்சுத் தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். புதிதாக டேப் மட்டும் எங்கும் ஒட்டவேண்டாம். மூலை கிழிந்த இடத்தை உட்புறமிருந்து மெல்லிய கைக்காகிதத் துண்டும் மைதா அல்லது ஸ்டார்ச் பசையும் கொண்டு ஒட்டலாம். தண்ணீர் பட்டால் அது கழன்றுவரும், அதுதான் அதன் நல்ல குணம். பசை நீர்த்துப்போனால் அட்டை வளையும். தயிர்ப் பதத்தில் வைத்து, ஒட்டியபின் இருபுறமும் பட்டர் பேப்பர் கொடுத்து ஒரு இரவு பாரம் வையுங்கள்.

துருப் பின்: துரு உலோகத்தோடு நின்றிருந்தால் தொடாதீர்கள். தாளில் இறங்கிவிட்டது என்கிறீர்கள், அப்படியென்றால் எடுப்பது நல்லது. நடுப்பக்கத்தைத் திறந்து பின்னின் இரு கால்களையும் மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி, முதுகுப் பக்கமிருந்து இழுக்கவேண்டும். பின் எடுக்கும் கருவியைப் போட்டு நெம்பினால் துளை கிழியும். பழைய துளை வழியாகவே வெள்ளைப் பருத்தி நூலால் தைத்துவிடலாம். சேகரிப்பவர்கள் பின் எடுத்ததைக் குறை என்று கணக்கிடுவார்கள். விற்கும் எண்ணம் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

உறை வாங்கும்போது நம் ஊரில் எல்லாரும் தவறுவது அளவில். இவை அமெரிக்க லெட்டர் அளவு: 216 × 279 மி.மீ. ஏ4 உறையின் அகலம் 210ஐ ஒட்டித்தான் இருக்கும். திணித்தால் ஓரம் மடங்கும். உள் அகலம் குறைந்தது 225 மி.மீ. உள்ளதாகக் கேளுங்கள். பாலிப்ரொப்பிலீன் அல்லது பெட் (பாலியெஸ்டர்) பிளாஸ்டிக் நல்லது. வழவழவென்று வாசனை அடிக்கும் பிவிசி உறை வேண்டாம். அதை மெதுவாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் கசிந்து அச்சு மையைத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். சிவப்புப் பெட்டி நூலின் மூன்று துளைகளுக்கு இடையே 108 மி.மீ. இடைவெளி. நம் இரட்டை வளைய ஃபைல் 80 மி.மீ. பொருந்தாது. பொருந்தவைக்கப் புதுத் துளை போட்ட நூல்கள் சந்தையில் எத்தனை!

ஈரம்: காற்றின் ஈரப்பதம் 45–55 விழுக்காடு இருந்தால் தாளுக்கு சுகம். 65க்கு மேல் நிலையாக நின்றால் பூஞ்சை வரும். ரப்பர் வளையம் வைத்த 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிறிய ஈரமானி, 100 கிராம் சிலிக்கா ஜெல் துணிப்பையில். ஆரஞ்சு மணிகள் பச்சையானதும் 110–120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் காயவைத்து, ஆறியபின் திரும்பப் போடுங்கள். ஒரேயடியாக உலர்த்தினாலும் கெடுதல்: 35க்குக் கீழே போனால் மடிப்புகள் வெடிக்கும். அப்போது பாதி ஜெல்லை எடுத்துவிடுங்கள். மழை நாளில் திறக்காதீர்கள், உள்ளே புகும் ஈரம் டப்பாவுக்குள் மாட்டிக்கொள்ளும்.

பூச்சிக்கு அந்துருண்டை போடும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும், பகடையும் உறையும் அதே டப்பாவில்தானே இருக்கின்றன. வேப்பிலையும் நேரடியாகத் தாளுக்கிடையே வேண்டாம், கறை விடும். துளைபோடும் பூச்சி இருப்பதாகச் சந்தேகம் வந்தால், நூலைக் காற்றில்லாமல் இரட்டைப் பையில் மூடி, உறைநிலைப் பெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் பையைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த தாளின்மேல் தண்ணீர் பூத்துவிடும்.

---

ஆறு தீப்பந்தம் (பதில் 4)

நாலாவது கேள்விக்கு யாருமே வரலையே. ஆடுங்க, கண்டிப்பா ஆடுங்க. ஆனா 1981 நூலை வைத்து ஆடுங்க. நீலநூல் படிக்க அழகு, மேசையில் சில இடத்தில் சறுக்கும்.

ஒரு உதாரணம். நீலநூலில் எல்லா ஆயுதமும் ஒரு ஆறுமுகப் பகடை சேதம்தான். ஆனா குத்துவாள் போன்ற இலகு ஆயுதம் சுற்றுக்கு இரண்டு அடி, இரு கைவாள் போன்ற கனமானது இரண்டு சுற்றுக்கு ஒரு அடி. கணக்குப் போட்டால் குத்துவாள் இரு கைவாளை விட நாலு மடங்கு! முதல் நாளே ஆட்டக்காரர்கள் கண்டுபிடிச்சு எல்லாரும் குத்துவாளோட வருவாங்க. அதையே ஆடணும்னா சுற்றுக்கு எல்லாருக்கும் ஒரு அடின்னு வச்சுட்டாப் போதும். அதே நூலில் ஒரு ரத்தினமும் இருக்கு: முதல் நிலை மந்திரவாதியே மந்திரச் சுருள் எழுதலாம், மந்திர நிலைக்கு 100 பொன், ஒரு வாரம். இதை மட்டும் எடுத்து 1981 விதியோட ஒட்டிக்கலாம். ஒரே மந்திரம் போட்டுட்டு ஓரமா நிற்கிற மந்திரவாதிக்கு வேலை கிடைக்கும்.

1981 நூலில் புதிதாய் நடத்துறவங்க தவறவிடும் மூன்று இருக்கு, மூன்றும் ஆட்டத்தின் உயிர். முதலாவது எதிர்வினை உருட்டல். பூதத்தைக் கண்டதும் சண்டை இல்லை. இரண்டு ஆறுமுகம் உருட்டு: 2 வந்தால்தான் உடனே பாயும், 3–5 பகைமை, 6–8 தயக்கம், 9–11 விலகிப்போகும் அல்லது பேச்சுக்கு இணங்கும், 12 நட்பு. இரண்டாவது மனவுறுதி. பூதக் கூட்டத்தில் முதல் ஆள் விழும்போதும் பாதிப்பேர் விழும்போதும் உருட்டு, அந்தப் பூதத்தின் மனவுறுதி எண்ணைத் தாண்டினால் ஓடும் அல்லது சரணடையும். இந்த இரண்டையும் விட்டுட்டு ‘பழைய ஆட்டத்தில் எல்லாரும் செத்துடறாங்க’ன்னு புலம்புறவங்க அதிகம். முதல் நிலை வீரனுக்கு எட்டுமுகப் பகடை ஒன்று உயிர், எல்லாச் சண்டையும் போட்டா சாகாம என்ன செய்வான்?

மூன்றாவது நேரம். ஒரு திருப்பம் பத்து நிமிஷம். தீப்பந்தம் ஆறு திருப்பம், விளக்கு எண்ணெய் இருபத்துநாலு. இரண்டு திருப்பத்துக்கு ஒரு தடவை ஆறுமுகம் உருட்டி 1 வந்தால் அலையும் பூதம். ஆறு திருப்பத்தில் ஒன்று ஓய்வு. இதை மனசுக்குள் வச்சுக்க முடியாது. ஒரு பந்தத்துக்கு ஆறு புளியங்கொட்டை மேசையில் வைங்க, திருப்பத்துக்கு ஒன்று எடுங்க. கொட்டை குறையுறதைப் பார்த்தாலே ஆட்டக்காரங்க முடிவெடுக்கிற வேகம் மாறும்.

சாகசம் எது? பி2 ஆறு முதல் ஒன்பது பேருக்கு எழுதினது. நாலு பேர்தான்னா ஆளுக்கு இரண்டு பாத்திரம், இல்லாட்டி அதில் வர்ற கோட்டையில் கூலிக்கு ஆள். கோட்டைவாசிகளுக்கு அதில் பேரே கிடையாது, பதவி மட்டும்தான். முன்கூட்டியே பத்துப் பேர் எழுதி வச்சுக்கங்க. பி1 நடத்துறவருக்கான பாடம் மாதிரி: அறை விவரம் இருக்கும், பூதமும் புதையலும் நிரப்ற இடம் காலி. பழைய பிரதிகளில் முந்தைய சொந்தக்காரர் பென்சிலில் நிரப்பியிருப்பார். அழிக்காதீங்க, அது போனஸ். நீங்க நிரப்ற போது எல்லா அறையிலும் பூதம் வைக்காதீங்க, மூன்றில் ஒன்றுக்கு வச்சாப் போதும்.

மூல நூலை மேசையில் போட்டு டீ சிந்த வேண்டாம். இதே 1981 விதிகளைத் தெளிவா அடுக்கி கேவின் நார்மன் செய்த ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸ் இருக்கு, அடிப்படை விதிகள் இலவச பிடிஎஃப். கிறிஸ் கானர்மனின் பேசிக் ஃபேண்டசி முழுசுமே இலவசம். லெட்டர் அளவு பிடிஎஃப்பை ஏ4இல் ‘பக்கத்துக்குப் பொருத்து’ன்னு அச்சிட்டால் 97 விழுக்காடாகச் சுருங்கும். நூலுக்குப் பரவாயில்லை, ஒரு அங்குலக் கட்டம் போட்ட வரைபடத்தில் கட்டம் 24.7 மி.மீ. ஆகும். பல தாளை ஒட்டுறதா இருந்தால் எல்லாத் தாளுக்கும் அதே அளவு வைங்க.

---

பழைய அச்சு

1979 டிசம்பர் நூல் என்றால் எண் அட்டையோடு பொருந்துகிறது. பி1 மட்டும்தான் வெளியாள். அந்தப் பெட்டிக்கு உரியது ஒற்றை நிற பி1ஆகவோ பி2ஆகவோ இருக்கலாம். விற்பவரிடம் ‘நூலும் எண் அட்டையும் சரி, முதல் பெட்டியின் சாகசமும் இரண்டாவதின் பகடையும் பிறகு சேர்த்தவை’ என்று காரணத்தோடு சொல்லி விலை பேசுங்கள். சும்மா குறைக்கச் சொன்னால் குறைக்கமாட்டார்.

அவரிடம் கெட்டி அட்டை நூல்களும் இருந்தால், பல நாட்டுத் தெய்வங்களை ஆட்டத்துக்காகத் தொகுத்த ‘டீட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ இருக்கிறதா என்று கேளுங்கள். 1980இல் வந்தது. கடைசிப் பக்க எண்ணைப் பாருங்கள்: 144 பக்கம் என்றால் கதுல்லு, மெல்னிபோனே என்ற புனைகதைப் புராணங்கள் உள்ள தொடக்க அச்சு. 128 என்றால் அவற்றை நீக்கிய பிந்தைய அச்சு. அட்டையும் ஓவியமும் ஒன்றுதான், பக்க எண்தான் காட்டிக்கொடுக்கும். முதுகு ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் அது 1985இல் ‘லெஜண்ட்ஸ் அண்ட் லோர்’ என்று பேர் மாற்றி வந்த புது அட்டை. எந்த அச்சானாலும் அதில் இந்தியப் புராணப் பகுதி உண்டு. நம்ம கார்த்திகேயனுக்கும் ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) போட்டு வைத்திருக்கிறார்கள்.

---

நிலவறைவாசி

கேட்டுவிட்டேன். அவரிடம் ஒன்று இருக்கிறதாம், ஆரஞ்சு முதுகு இல்லையாம். பக்க எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.